ஒன்பது நிமிஷ மௌன அஞ்சலி

சத்தமே இல்லாத இடம்னு ஒண்ணு எங்கயும் கிடையாது. இது பெரிய தத்துவம் இல்லைங்க, என் பொழைப்பு. சினிமாவுக்குச் சத்தம் போடுறது என் வேலை. படத்துல கதவு சாத்துற சத்தம், செருப்பு தேயுற சத்தம், கன்னத்துல அறை விழுற சத்தம் எல்லாம் நடிகருங்க போட்டதுன்னா நெனச்சீங்க? இருட்டு ஸ்டூடியோவுல உக்காந்து நான் போட்டது. யாருமே பேசாம நிக்கிற காட்சிக்கும் நான்தான் சத்தம் போடணும். அங்க ஒண்ணும் போடாம விட்டா, மிஷின் ரிப்பேர்னு ஜனங்க விசில் அடிக்க ஆரம்பிச்சிடுவாங்க. அதனால ஏதாவது ஒரு ரூம்ல மைக்கை வச்சு, அந்த ரூம் சும்மா கிடக்கிறப்ப எப்படிக் கேக்குதோ அதை எடுத்துப் போடுவோம். ரூம் டோன்னு சொல்லுவோம். ஒரு ரூமுக்கு இருக்கிறது இன்னொரு ரூமுக்கு இருக்காது. இவ்வளவும் தெரிஞ்ச நானே, என் தம்பி எடுத்த படத்துக்கு எங்க வீட்டு ஹாலோட ரூம் டோனைத் தூக்கிப் போட்டிருக்கேன். என் புத்தியை எதால அடிக்கிறதுன்னு நீங்களே சொல்லுங்க.

அது என்ன படம்னு சொன்னாத்தான் மீதி புரியும். எங்க நாட்டுல பால் குடிக்கிற குழந்தைக்குக்கூடத் தெரிஞ்ச கதை ஒண்ணு இருக்கு. எதிரிங்க துரத்த, ஸ்தாபகர் வெள்ளைக் குதிரையில வந்தாரு. குறுக்க ஆறு, கரைபுரண்டு ஓடுது. ஒரே தாண்டு. அக்கரையில குதிரையோட குளம்பு பதிஞ்ச இடம்தான் தலைநகரம். குளம்பு பதிஞ்ச கல்லு இன்னைக்கும் கண்ணாடிப் பெட்டிக்குள்ள இருக்கு. நோட்டுல குளம்பு, ஸ்டாம்புல குளம்பு, போலீஸ் தொப்பியில குளம்பு. எங்க வீட்டுக்காரர் பள்ளிக்கூடத்துல வரலாறு வாத்தியார், பதினெட்டு வருஷமா அந்தக் குதிரையைத் தாண்ட வச்சுக்கிட்டு இருக்கார்.

தம்பி எடுத்தது இருபத்தஞ்சு நிமிஷப் படம், கறுப்பு வெள்ளை. போர்வைக்குள்ள ரெண்டு பேர் குனிஞ்சு நின்னா அதுதான் குதிரை. ஆத்தைப் பாத்ததும் குதிரை தாண்ட மாட்டேன்னு நின்னுடுது. வேலையை நிரந்தரம் பண்ணுங்க, பென்ஷன் உண்டுன்னு எழுத்துல குடுங்கங்குது. ஸ்தாபகர் கெஞ்சுறார். முன்னங்கால் ஒத்துக்குது, பின்னங்கால் ஒத்துக்கல. ரெண்டுக்கும் போர்வைக்குள்ளயே சண்டை. கடைசியில அவர் குதிரையைத் தோள்ல தூக்கிக்கிட்டுத் தாண்டி, நடு ஆத்துல தொபுக்கடீர்னு விழறார். அக்கரையில ஒரு கமிட்டி, அவர் வர்றதுக்கு முன்னாடியே உளியும் சுத்தியலுமா உக்காந்து குளம்பைச் செதுக்கிக்கிட்டு இருக்கு.

இது வரைக்கும்கூடப் போனாப் போகுதுன்னு விட்டிருப்பாங்களோ என்னவோ. கடைசிக் காட்சிதான் விஷம். ஸ்தாபகருக்கு ஒரு நிமிஷ மௌன அஞ்சலி. எல்லாரும் எழுந்து நிக்கிறாங்க. நிமிஷம் முடிஞ்சதுன்னு சொல்ல வேண்டிய ஆளோட கடிகாரம் நின்னு போச்சு. ஒரு நொடி முன்னாடி சொல்லிட்டாக்கூட அவமரியாதைன்னு அவருக்கு நடுக்கம். அவர் சொல்லாம உக்கார மத்தவங்களுக்கு நடுக்கம். கடைக்கண்ணால ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டு நிக்கிறாங்க, நிக்கிறாங்க, ஒன்பது நிமிஷம் நிக்கிறாங்க. இசை கிடையாது, வசனம் கிடையாது. அந்த ஒன்பது நிமிஷத்துக்குத்தான் எங்க ஹாலு. ஸ்டூடியோவுல இந்த வேலையைச் செஞ்சா நோட்டுல பதிவாகும்னு, வீட்லயே மைக்கை வச்சு, ராத்திரியோட ராத்திரியா ஒட்டிக் குடுத்தேன். தலைக்கு மேல ஃபேன் சுத்தினதையும், அதுல ஒரு றெக்கை வளைஞ்சு சுத்துக்கு ஒரு தரம் டிக்குன்னதையும் என் காது கேட்டுச்சு. கேட்டும் விட்டேன். நல்லாத்தான் இருந்துச்சு, கடிகாரம் நின்னு போன இடத்துல அது கடிகாரம் மாதிரி ஓடிக்கிட்டு இருந்துச்சு.

மூடிக் கிடந்த ஒரு பிளைவுட் குடோன்ல, நாப்பது பேருக்குப் போட்டுக் காட்டினோம். முதல் நிமிஷம் சிரிச்சாங்க. நாலாவது நிமிஷம் சிரிப்பு அடங்குச்சு. ஏழாவது நிமிஷத்துல பாத்துக்கிட்டு இருந்தவங்களே நாற்காலியில அசையல. அந்த நாப்பதுல எந்தப் புண்ணியவான் போய்ச் சொன்னானோ, மூணாம் நாள் போலீஸ் வந்து படத்தோட காப்பியைத் தூக்கிட்டுப் போயிடுச்சு. படத்துல யார் பேரும் போடல. போர்வைக்குள்ள இருந்தவங்க தப்பிச்சாங்க. ஆனா ஸ்தாபகரா நடிச்சது என் தம்பியே. படம் பூரா அவன் மூஞ்சி. அவனைக் கண்டுபிடிக்கத் துப்பறியவா வேணும்?

முதல் வாரமே எங்க வீட்டைத் தலைகீழாப் புரட்டிப் பாத்தாங்க. அவன் இல்ல. அவனோட பேச்சு வார்த்தை முறிஞ்சு ரெண்டு வருஷமாச்சுன்னு நான் சத்தியம் பண்ணினேன். வீட்டுக்காரரும் ஆமாம்னார், அவர் மூஞ்சியப் பாத்தா யாரும் நம்புவாங்க, அவனை அவருக்கு அவ்வளவு பிடிக்காது. தேடி முடிச்ச வீடுதான் பத்திரம்னு பதினோராவது நாள் விடியக்காலையில வந்து நின்னான் தம்பி, ஒரு கைப்பையோட. அவன் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் வீட்டுக்காரர் உக்காந்து பாத்துக்கிட்டு இருந்தார். அப்புறம் எழுந்து போய், பரண்ல இருந்த பெட்டியெல்லாம் ஒரு பக்கமா ஒதுக்கி, பழைய மெத்தையை விரிச்சுட்டு வந்தார்.

"படுத்துக்கச் சொல்லு. தும்மினான்னா நானே புடிச்சுக் குடுப்பேன்"னார் என்கிட்ட.

எங்க பரண் ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவுல, தலைக்கு மேல இருக்கு. ரெண்டு பலகைக் கதவு. உள்ள ஒரு ஆள் கால் நீட்டலாம், உக்கார முடியாது. தம்பிக்குச் சின்ன வயசுலேருந்தே மூச்சு இழுப்பு. தூசின்னா ஆகாது. அவனை அந்தத் தூசிக்குள்ள ஏத்தி விட்டுட்டு, இடுக்குல கொஞ்சம் காத்துப் போகட்டும்னு ஹால் ஃபேனை நிறுத்தாம ஓட விட்டுக்கிட்டு, நாலு நாளா நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். யாராவது மாடிப்படி ஏறுனா எந்த மாடியில நிக்குதுன்னு படியை எண்ணுவேன். பேப்பர் போடுறவர் கதவுல பேப்பரை எறிஞ்சாக்கூடக் கையிலிருக்கிறதைக் கீழ போட்டுடுவேன். நல்ல தட்டு ரெண்டு போச்சு.

அஞ்சாம் நாள் ஒரு ஃபோன் வந்துச்சு. குரலைக் கேட்டதும் தெரிஞ்சுபோச்சு, பூனைக்காதுன்னு நாங்க பட்டப்பேரு வச்ச பழைய சிநேகிதன். நானும் அவனும் ஒரே ஸ்டூடியோவுல வேலை கத்துக்கிட்டவங்க, வாடா போடின்னு பேசிக்கிறவங்க. எங்க வீட்டு ஹால்ல நூறு தரம் சாப்பிட்டிருப்பான். இப்ப அரசாங்க ரேடியோவுல பெரிய சவுண்டு இன்ஜினியர். பக்கத்துத் தெருவுல பால் பொங்கினாச் சொல்லுவான், அப்படிப்பட்ட காது.

"உங்க வீட்டு ஃபேன் இன்னும் டிக் டிக்குங்குதா?"ன்னான்.

"ஆமா. ஏன்டா?"

"நாளைக்கு வருவோம்"னு சொல்லிட்டு வச்சுட்டான்.

எங்க ஹாலோட ரூம் டோனை எடுக்கத்தான் வர்றாங்கன்னு அந்த ஒரு கேள்வியிலேயே எனக்குப் பிடிபட்டுச்சு. நடந்தது இதுதான், பின்னால தெரிஞ்சுக்கிட்டேன். போலீஸ் அவனைக் கூப்பிட்டு, இந்தப் படத்துக்குச் சத்தம் சேர்த்தது யாராயிருக்கும்னு கேட்டிருக்கு. ஹெட்போனை மாட்டி அந்த ஒன்பது நிமிஷத்தைக் கேட்டிருக்கான். வித்தை கத்தவனுக்கு வாய் சும்மா இருக்குமா? "சார், இது ஸ்டூடியோ இல்ல, வீடு. மூணாவது மாடிக்கு மேல. பத்துக்குப் பன்னெண்டு ஹாலு. ஜன்னலுக்குக் கர்ட்டன் கிடையாது. ஃபேன்ல ஒரு றெக்கை வளைஞ்சிருக்கு"ன்னு அடுக்கியிருக்கான். இந்தத் தொழில்ல இருக்கிறவங்க வீட்டுக்கெல்லாம் போய் ரூம் டோன் எடுத்து ஒப்பிட்டா ஆள் சிக்கிடும்னு யோசனை வேற. சொல்லி முடிச்சப்புறம்தான் அது எந்த ஹாலுன்னு அவனுக்கே உறைச்சிருக்கு. அடப்பாவி!

அன்னைக்குச் சாயந்திரமே வரலாறு வாத்தியார் ஸ்டூல் மேல ஏறினார். றெக்கையைக் கழட்டி, கீழ வச்சு, கண்ணை இடுக்கிப் பாத்து நிமிர்த்தி, கிரீஸ் போட்டு மாட்டினார். அவர் வாழ்க்கையில ஸ்க்ரூ டிரைவரைப் பிடிச்சது அதுதான் முதல் தடவை. ஃபேன் வழுவழுன்னு ஓடுச்சு. புதுசாக் கர்ட்டன் மாட்டினாச் சந்தேகம் வரும்னு, வீட்ல இருக்கிற துணியெல்லாம் நனைச்சு, ஹால்ல குறுக்கும் நெடுக்கும் கொடி கட்டிக் காயப் போட்டேன். ஈரத் துணி தொங்கினா ஹாலோட எதிரொலி செத்துப்போகும். மழை நாள் இல்லையே, எதுக்கு வீட்டுக்குள்ள காயப் போட்டேன்னு கேட்டா என்ன சொல்றதுன்னு ராத்திரி பூரா யோசிச்சேன். தண்ணித் தொட்டி மேல இருக்கிற கொடி அறுந்து போச்சுன்னு சொல்லலாம்னு முடிவு பண்ணி, விடிஞ்சதும் மொட்டை மாடிக்குப் போய் அதையும் அறுத்துட்டு வந்தேன்.

மறுநாள் சனிக்கிழமை, மத்தியானம் மூணு மணி. பெல் அடிச்சுச்சு. பரணைப் பாத்து, "வந்துட்டாங்க"ன்னு மெல்லச் சொன்னேன். பலகைக் கதவு இன்னும் கொஞ்சம் இறுக மூடிக்கிச்சு.

மூணு பேர். ஒரு அதிகாரி, ஒரு கான்ஸ்டபிள், பெட்டியைத் தூக்கிக்கிட்டுப் பூனைக்காது. அதிகாரி செருப்பை வெளிய கழட்டிட்டு வந்தார். அதுவே எனக்குப் பயமா இருந்துச்சு. கத்துறவங்களைச் சமாளிச்சுடலாம், நானும் கத்துவேன். இப்படி மரியாதையாப் பேசுறவங்களை என்ன பண்றது?

"சிரமத்துக்கு மன்னிக்கணும்மா. ஒரு நிமிஷ வேலை. நாப்பது வீடு போக வேண்டியிருக்கு, உங்களோடது ஏழாவது."

"உக்காருங்க சார். தண்ணி கொண்டு வரட்டுமா?"

"வேண்டாம். துணி எல்லாம் உள்ளயே காயுதே?"

"மாடியில கொடி அறுந்து போச்சு சார்."

"அப்படியா"ன்னார். கான்ஸ்டபிளைப் பாத்தார். அந்த ஆள் மாடிக்குப் போயிட்டு வந்து, ஆமா சார் அறுந்துதான் கிடக்குன்னான். நான் மூச்சு விட்டேன்.

பூனைக்காது என்னை நிமிர்ந்தே பாக்கல. பெட்டியைத் திறந்து மைக்கை ஸ்டாண்டுல மாட்டினான். ஹால் நடுவுல, சரியா நான் அன்னைக்கு எங்க வச்சேனோ அங்க. "மேடம், கொஞ்சம் அசையாம நிக்கணும்"னான். மேடமாம்! வேற நாளா இருந்தா வாயிலேயே குத்தியிருப்பேன்.

"ஒரு நிமிஷம் யாரும் பேசக் கூடாது"ன்னார் அதிகாரி.

அஞ்சு பேரும் நின்னோம். என் வீட்டுக்காரர் கையை விறைப்பா ஒட்டி வச்சு அட்டென்ஷன்ல நின்னார், பள்ளிக்கூடத்துப் பழக்கம். ஃபேன் ஓடிக்கிட்டு இருந்துச்சு. ஒரு நிமிஷம்ங்கிறது எவ்வளவு நீளம்னு எனக்குத் தெரியும், அது என் தொழில். ஆனா அந்த மாதிரி நீளமா ஒரு நிமிஷத்தை நான் பாத்ததே இல்ல. பரண் பக்கம் கண்ணு போயிடக் கூடாதுன்னு, எதிர்ல தொங்கின என் வீட்டுக்காரரோட பனியனையே முறைச்சுக்கிட்டு நின்னேன். அதுல ரெண்டு ஓட்டை இருந்துச்சு.

பூனைக்காது ஹெட்போனைக் கழட்டினான்.

"இது இல்ல சார். அதுல ஃபேன் டிக் அடிக்கும். இது சுத்தமா ஓடுது. ஹாலோட எதிரொலியும் வேற."

"நிச்சயமா?"

"நிச்சயமா சார்."

எனக்கு உயிர் போயி உயிர் வந்துச்சு. வீட்டுக்காரர் கையைத் தளர்த்தினார். பூனைக்காது அவசர அவசரமா வயரைச் சுருட்ட ஆரம்பிச்சான். அதிகாரி வாசல் வரைக்கும் போனார். செருப்புல ஒரு காலைக்கூட விட்டார்.

அப்புறம் திரும்பினார். "ஃபேன் இல்லாம ஒண்ணு எடுக்கணுமே?"

"தேவையில்ல சார்"னான் பூனைக்காது.

"ரெண்டு தரம் எடுக்கணும்னு நீங்கதானே எழுதிக் குடுத்தீங்க? ஃபேனோட ஒண்ணு, ஃபேன் இல்லாம ஒண்ணு. ஃபேனை மாத்திடலாம், சுவரை மாத்த முடியாதுன்னு. ஆறு வீட்லயும் எடுத்தோமே?"

பூனைக்காது சுருட்டின வயரை மறுபடி பிரிச்சான். அவனே எழுதினது, அவனே மாட்டிக்கிட்டான். அவனோட சேர்ந்து நாங்களும்.

கான்ஸ்டபிள் ஸ்விட்சைத் தட்டினான். ஃபேன் மெல்ல மெல்லச் சுத்தி நின்னுச்சு. ஜன்னலையும் சாத்தச் சொன்னாங்க. மத்தியான வெயிலு, மேல் மாடி. ஃபேன் ஓடுறப்பவே பரண்ல வேகும். ஹாலு பூரா ஈரத் துணி, அந்தப் புழுக்கம் வேற. எல்லாம் நான் பண்ணின புத்திசாலித்தனம். அஞ்சு நாளா அந்த ஃபேன் எனக்கு ரெண்டு வேலை பாத்துக்கிட்டு இருந்துச்சுன்னு அப்பத்தான் உறைச்சுது. அது காத்தும் குடுத்துச்சு, அவன் மூச்சுச் சத்தத்தையும் மூடி வச்சிருந்துச்சு.

"ஒரு நிமிஷம்"னார் அதிகாரி.

நின்னோம். நான் எண்ண ஆரம்பிச்சேன். பத்து வரைக்கும் ஒண்ணுமில்ல. கீழ தெருவுல ஒரு வண்டி போச்சு. பதினஞ்சு. எங்கயோ குழாய் சொட்டுச்சு. இருபதுல எனக்குக் கேட்டுச்சு.

மூச்சு உள்ள போறப்ப இல்ல, வெளிய வர்றப்ப. மெல்லிசா, ஒரு விசில். சின்ன வயசுல ராத்திரி பூரா பக்கத்துல படுத்துக் கேட்ட விசில், எனக்குத் தெரியாதா? அடக்கப் பாக்குறான், அடக்கினா அடுத்த மூச்சுல இன்னும் நீளமா வருது. ஹால்ல சும்மா நிக்கிறவங்களுக்கு இன்னும் கேக்கல. ஆனா மைக்குக்குக் கேக்கும். பூனைக்காது முகத்தைப் பாத்தேன். பேயறைஞ்ச மாதிரி நின்னான். அவன் கண்ணு பெட்டியை விட்டு மேல போகல, போகக் கூடாதுன்னு இழுத்துப் பிடிச்சு வச்சிருந்தான். விரல் மட்டும் மெதுவா நகர்ந்து ஒரு குமிழைத் திருகுச்சு. சத்தத்தைக் குறைக்கிறான்.

அதிகாரி குனிஞ்சு பெட்டியைப் பாத்துக்கிட்டே இருந்தார். சத்தத்தோட அளவைக் காட்டுற முள்ளு கீழ விழுந்ததைப் பாத்துட்டார். பேசல, தன் விதியைத் தானே மீற மாட்டார் போல. விரலை மட்டும் ஆட்டினார், ஏத்துன்னு. பூனைக்காது ஏத்தினான். முள்ளு எகிறி, அடங்கி, மறுபடி எகிறுச்சு. நிமிஷம் இன்னும் பாதிகூட ஆகல. அதிகாரி கையை நீட்டினார், ஹெட்போனைக் குடுன்னு. பூனைக்காது தாமதிச்சான். அவரே எடுத்துக்கிட்டார்.

வீட்டுக்காரரைப் பாத்தேன், அவருக்கு ஒண்ணும் கேக்கல, இன்னும் அரை நிமிஷம்தான்னு நம்பிக்கையோட நின்னுக்கிட்டு இருந்தார். அந்த ஹால்ல யாரும் வாயைத் திறக்கப் போறதில்ல. அதிகாரி கண்ணை மூடினார். ஹெட்போனைக் காதுகிட்ட கொண்டு போனார், வலது காதுல வச்சார்.

"போதும் சார்!"னு கத்தினேன்.

அவர் ஆன்னு அலறி ஹெட்போனைப் பிடுங்கி எறிஞ்சுட்டுக் காதைப் பொத்திக்கிட்டார். நான் நிறுத்தல. நிறுத்தினாக் கேட்டுடுமே.

"போதும்! எத்தனை வீடுதான் ஏறி இறங்குவீங்க? நான்தான் சார்! அந்த ஒன்பது நிமிஷத்துக்குச் சத்தம் போட்டது நான்தான்! இதே ஹாலு! றெக்கையை நிமிர்த்தினதும் நான்தான், துணியை நனைச்சுப் போட்டதும் நான்தான், கொடியை அறுத்ததும் நான்தான், மாடியில போய்ப் பாருங்க, கத்தியில வெட்டின மாதிரி இருக்கும்! எல்லாத்தையும் நான் ஒருத்திதான் பண்ணினேன்!"

வீட்டுக்காரர் என்னைப் பாத்தார். பைத்தியமா உனக்குன்னு கேக்குற பார்வை. நான் கண்ணைச் சிமிட்டல, ஜாடை காட்டல, அதுக்கெல்லாம் தெம்பு இல்ல. ஆனா பதினாறு வருஷம் குடும்பம் நடத்தியிருக்கோம். நான் ஏன் கத்துறேன்னு அவருக்குப் பிடிபட ரெண்டு நொடிதான் ஆச்சு. அந்த மனுஷன் வகுப்புலகூடக் குரலை உசத்திப் பேச மாட்டார். அவர் மேஜையில ஓங்கி அறைஞ்சார்.

"என்கிட்ட மறைச்சியா? என் வீட்ல, என் சோத்தைத் தின்னுட்டு? என் வேலை போச்சுடி! பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க மூஞ்சியில எப்படி முழிப்பேன்?"

"ஆமா, பெரிய வேலை! குதிரையைத் தாண்ட வைக்கிற வேலை!"

"வாயை மூடு!"

"மூட மாட்டேன்!"

ரெண்டு பேரும் தொண்டை கிழியக் கத்தினோம். அவர் கண்ணுல தண்ணி கொட்டுச்சு, அது நடிப்பு இல்ல. அதிகாரி கையை உயர்த்தி, அமைதி, அமைதின்னு கெஞ்சினார். கேக்குறதுக்கு யாரு இருக்கா?

அப்பத்தான் மேல ஒரு பலகை கிறீச்சுன்னுச்சு.

என்னைக் காப்பாத்துறேன்னு அவன் இறங்கி வரப் போறான். அவனுக்கு அவ்வளவுதான் அறிவு, பாசம் வந்தா மூளை வேலை செய்யாது. இறங்கினான்னா எல்லாம் போச்சு. அவன் மேல தேசத் துரோகம்னு போட்டிருந்தாங்க. அதுக்குத் தூக்குன்னு எங்க வீட்டுக்காரர் புத்தகத்துல எட்டாம் பாடத்துல இருக்கு.

நல்ல வேளை, அதிகாரியே கேட்டார். "உங்க தம்பி எங்க?"

"தம்பியா? அந்தத் தறுதலையைப் பத்தி எங்கிட்டப் பேசாதீங்க!" குரலை இன்னும் ஏத்தினேன், அடுத்த வீட்டுக்கே கேட்டிருக்கும். "எங்க இருக்கானோ அங்கயே கிடக்கட்டும்! எனக்காக ஒரு அடி எடுத்து வச்சான்னா, செத்தாலும் அவன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்! நான் போறேன், எனக்கு ஒண்ணும் ஆகாது, சத்தம் போட்டவளுக்கு என்ன, ரெண்டு வருஷம் மூணு வருஷம்! அவன் மட்டும் வாயைத் திறக்காம இருந்தாப் போதும்! கேட்டுச்சா சார்?"

"கேட்டுச்சும்மா, கத்தாதீங்க"ன்னார் அவர்.

பலகை மறுபடி சத்தம் போடல. ஆனா எனக்கு நம்பிக்கை இல்ல.

கான்ஸ்டபிள், "வீட்டை ஒரு தரம் பாத்துடவா சார்?"ன்னான். யோசிக்க நேரமில்ல.

"போர்வைக்குள்ள இருந்த ரெண்டு பேரு யாருன்னு வேணுமா வேண்டாமா?"ன்னேன். "வேணும்னா இப்பவே கூட்டிட்டுப் போங்க. இந்த மனுஷன் முன்னாடி சொல்ல மாட்டேன். அரை மணி போனா மனசு மாறிடும், அப்புறம் என் எலும்பை எண்ணினாலும் வராது."

எந்த ரெண்டு பேரைச் சொல்லப் போறேன்னு எனக்கே தெரியாது. ஆனா அதிகாரி முகம் மலர்ந்துச்சு. ரெண்டு வாரமா மேலிடத்துல அந்த ரெண்டு பேரைத்தான் கேட்டுக் குடைஞ்சிருக்கணும். "வீட்டை அன்னைக்கே பாத்தாச்சுய்யா. முதல்ல இவங்களைக் கொண்டு போவோம்"னார். அப்புறம் ஞாபகம் வந்து பூனைக்காதைத் திரும்பிப் பாத்தார். "அந்த ரெண்டாவது நிமிஷம், முள்ளு ஆடிச்சே, அதைப் போடுங்க, கேப்போம்."

பூனைக்காது தலையைச் சொறிஞ்சான். "சார், மன்னிக்கணும். ரெக்கார்டு பட்டனை அமுக்கவே மறந்துட்டேன்."

"என்னது?"

"மறந்துட்டேன் சார்."

"முள்ளு ஆடிச்சே?"

"அது சும்மாவே ஆடும் சார். பதிவாகல."

இவ்வளவு வருஷத் தொழில்ல ஒரு தடவை அவன் அதை மறந்ததா நான் கேள்விப்பட்டதில்ல. எங்க ஆளுங்க பெத்த தாயை மறப்பாங்க, அதை மறக்க மாட்டாங்க. அதிகாரி அவனை மேலயும் கீழயும் பாத்து, "இந்த லட்சணத்துல நிபுணர்"னு முனகினார். பூனைக்காதுக்குக் காது மடல் சிவந்துச்சு. அப்பத்தான் முதல் தடவையா என்னைப் பாத்தான். அவன்மேல எனக்குக் கோபம் தீரல, இன்னைக்கும் தீரல, ஆனா அந்தப் பார்வையை மறக்கவும் முடியல.

செருப்பைப் போடுறப்ப வலதை இடது கால்ல மாட்டினேன். வீட்டுக்காரர் குனிஞ்சு மாத்தி மாட்டி விட்டார். அப்பவும் திட்டிக்கிட்டேதான் மாட்டினார், சத்தமா, விடாம. நான் கையை நீட்டி ஃபேன் ஸ்விட்சைப் போட்டேன். புழுக்கமா இருக்கு, துணியாவது காயட்டும்னு சொன்னேன்.

கதவு சாத்தினதும் வெளிய ஒரே அமைதி. கான்ஸ்டபிள் முன்னாடி, நடுவுல நான், பின்னாடி அதிகாரியும் பெட்டியைத் தூக்கிக்கிட்டுப் பூனைக்காதும். நாலு மாடி, அறுபத்திநாலு படி. எனக்குப் பயமா இருந்துச்சு. கொண்டு போய் என்ன பண்ணுவாங்கன்னு பயம், அடிச்சா யார் பேரைச் சொல்லித் தொலைப்பேனோன்னு பயம். ஆனா அதையெல்லாம் விட, மேல கதவு திறக்குமோ, அக்கான்னு ஒரு குரல் வருமோன்னுதான் பயம். ஒவ்வொரு படியிலயும் அதைத்தான் கேட்டுக்கிட்டு இறங்கினேன். மூணாவது மாடி. ரெண்டாவது மாடி. யாரோ ரேடியோ வச்சிருந்தாங்க, அதையும் தாண்டிக் கேட்டேன். முதல் மாடி. தெருவுக்கு வந்து, வண்டிக் கதவைத் திறந்து, தலையைப் பிடிச்சு அழுத்தி ஏத்துற வரைக்கும் கேட்டேன். அவன் வரல.

பொறந்ததுலேருந்து அந்தப் பய நான் சொன்ன பேச்சை ஒரு நாளும் கேட்டதில்ல. அன்னைக்குக் கேட்டான்.